பதில்: மாத்திரை போட்டால் பிறகு பிள்ளை தங்காதா?

வணக்கம் தங்கச்சி. மணமாகி மூன்று மாதம், முதல் பிள்ளையை இரண்டு வருடம் தள்ளிப்போட வேண்டும், ஆனால் கருத்தடை மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று மாமியார் தடுக்கிறார் என்று பொகவந்தலாவையிலிருந்து எழுதியிருந்தீர்கள்.

கெடாது. மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை விரைவில் திரும்பிவிடும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்பையோ, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையோ எடுத்தாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ என்ற கருத்தடை ஊசி மட்டும் வேறு. அதை நிறுத்திய பின் கரு தங்க ஒரு வருடம்கூட ஆகலாம். உங்கள் கணக்குக்கு ஊசி வேண்டாம் என்பேன்.

மாமியாரைக் கோபிக்காதீர்கள். 1980களில் பணம் கொடுத்துக் கருத்தடை அறுவை செய்ததைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மறக்கவில்லை. அது நிரந்தரம் என்று பலருக்கு அவர்கள் மொழியில் யாரும் விளக்கவில்லை. பெரிய அநியாயம் அது. நீங்கள் கேட்பது எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய முறை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பேசினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்கே கணவருடன் போங்கள், அங்கே இலவசம். சிங்களம் தடுமாறினால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், ஒற்றைத் தலைவலி இருந்தால் மறைக்காதீர்கள். சில மாத்திரைகள் அதற்கு ஆகாது. தொடங்கிய பின் ஒருநாள் மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள்.