அறிவியல் வகுப்புக்கு ரோபோடிக்ஸ் கிட் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை எல்லாப் பிள்ளைகளும் கையால் செய்து பார்க்கிற மாதிரி என்ன வாங்கலாம்? முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் பணம் தந்திருக்கிறார்கள், ரோபோடிக்ஸ் கிட் சரியா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். எங்கள் பள்ளியில் ஒன்று இருக்கிறது. வந்த அன்று போட்டோ எடுத்தோம். அப்புறம், ஒரு மோட்டார் தொலைந்தாலும் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்று பயந்து பீரோவில் வைத்தோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

உடைந்தால் யாரும் பதறாத பொருளாக வாங்குங்கள். என் முதல் தேர்வு ஃபோல்ட்ஸ்கோப். மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்யும் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித மைக்ரோஸ்கோப். 2014-இல் அதன் ஆய்வுக் கட்டுரை வந்தபோது, ஒன்றைச் செய்ய ஆகும் பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்றார்கள். கடையில் அந்த விலைக்குக் கிடைக்காது, ஆனாலும் லேப் மைக்ரோஸ்கோப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மடித்துச் செருகினால் தயார். 140 மடங்கு பெரிதாகக் காட்டும்.

ஆறாம் வகுப்பில் வெங்காயத் தோல்தான் பார்ப்பது என்று திட்டம். ஒரு பையன் குழாயடித் தொட்டியிலிருந்து கொசுப்புழுவைக் கொண்டுவந்துவிட்டான். முழுப் புழுவும் பார்வைக்குள் அடங்கவில்லை, ஒரு துண்டுதான் தெரிந்தது. "சார், உள்ளே என்னமோ ஓடுது!" என்று கத்தினான். குடல் அசைவது அந்தத் தோல் வழியே தெரிகிறது. அதன் பிறகு வெங்காயத்தை யார் சீண்டுவார்கள்? பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு பாட்டி உப்புக்கல்லைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பொட்டி பொட்டியா இருக்கே" என்று கருவியைத் திருப்பித் தரவே மனசில்லாமல் வைத்திருந்தார்.

ஒன்று மட்டும் கவனம்: வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள், சூரியனை அல்ல.

பெரிய வகுப்புக்கு எதுவுமே வாங்க வேண்டாம். ஃபைஃபாக்ஸ் என்று ஓர் ஆப், ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் செய்தது, இலவசம். போனில் இருக்கும் சென்சார்களை அளவுகருவியாக்கிவிடும். அதில் சத்தத்தால் ஓடி சத்தத்தால் நிற்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. பலூனில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி 1.25 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, கீழே எவர்சில்வர் தட்டு வைத்தோம். ஊசியால் குத்தினால் வெடிக்கும் சத்தத்தில் கடிகாரம் ஓடும், தட்டில் விழும் சத்தத்தில் நிற்கும். முதல் முறை எதிரொலியிலேயே நின்று தொலைத்தது. செட்டிங்கில் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டினோம். அப்புறம் 0.502 நொடி வந்தது. கணக்குப் போட்டால் g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.92.

அதிகமாக இருக்கிறதே என்று நான் பலூனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்: "போன் தட்டுக்குப் பக்கத்துல இருக்கு சார். மேல வெடிச்ச சத்தம் கீழ வந்து சேர நேரம் ஆகாதா?" ஆகும், சுமார் 0.0036 நொடி. போனைப் பலூனுக்கும் தட்டுக்கும் சம தூரத்தில் பிடித்துச் செய்தோம், 0.505 வந்தது. g 9.8. எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

செலவே கூடாது என்றால், வேண்டாத பொருட்களால் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தைப் பாருங்கள். தீக்குச்சியும் சைக்கிள் வால்டியூபும் வைத்தே வடிவியல் சொல்லித் தருவார். தமிழிலும் வீடியோக்கள் உண்டு.

சரி, வாங்கும் கணக்கு: ஃபோல்ட்ஸ்கோப் இரண்டு பேருக்கு ஒன்று. கூடவே செல்லோடேப் நிறைய. ஸ்லைடில் ஒட்ட அதுதான் வேண்டும், முதலில் தீர்வதும் அதுதான்.