டீசல் அதிகம் ஊற்றினால் மீன் அதிகம் படுமா?

கேள்வி: பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் மண்டபம். ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் 64 விசைப்படகுகளின் கணக்கு நோட்டுகளைப் புரட்டி, ஒரு பருவம் முழுக்கத் தொழிலுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஏலத் தொகை, டீசல், ஐஸ், ஆள் எண்ணிக்கை, எஞ்சின் குதிரைத்திறன் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். மடக்கை (log) எடுத்து சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷன் (புள்ளிகளுக்கு நடுவே கோடு பொருத்தும் கணக்கு) ஓட்டினேன். டீசலின் கெழு (டீசல் நூற்றுக்கு ஒன்று கூடினால் ஏலத் தொகை நூற்றுக்கு எத்தனை கூடும் என்ற எண்) 0.91, ஆள் 0.08, எஞ்சின் −0.05. கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.87. "நன்றாகப் பொருந்துகிறது, எழுத ஆரம்பி" என்கிறார் நெறியாளர். படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவோ, "பெரிய எஞ்சின் வச்சா பாடு (கிடைக்கும் மீன்) குறையும்னு எந்தக் கணக்குடா சொல்லுது?" என்று சிரிக்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

பதில்: சித்தப்பா சொல்வதை. நெறியாளர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, 0.87 என்று பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஆர் ஸ்கொயர் இங்கே சொல்வது, பெரிய படகு நிறைய டீசல் எரித்து நிறைய மீன் கொண்டுவருகிறது, சின்னப் படகு எல்லாவற்றையும் கொஞ்சமாகச் செய்கிறது என்பதை மட்டும்தான். அதைத் தெரிந்துகொள்ள ரிக்ரஷன் தேவையில்லை, காலையில் துறைமுகத்தில் போய் நின்றால் போதும். உற்பத்திச் சார்பு (உள்ளீட்டையும் உற்பத்தியையும் இணைக்கும் சமன்பாடு) கேட்பது வேறு கேள்வி: அதே படகு, அதே டிரைவர், அதே கடல், டீசலை மட்டும் கூட்டினால் பாடு எவ்வளவு கூடும்?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பொம்மைக் கணக்கில் காட்டுகிறேன். பாடு என்பது டிரைவரின் திறமையை டீசலின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது என்று வைத்துக்கொள்வோம். அதாவது டீசலின் உண்மையான கெழு 0.5. டீசல் லிட்டர் 90 ரூபாய், மீன் கிலோ சராசரி 180 ரூபாய். முதல் டிரைவரின் திறமை 10. அவருக்கு லாபம் உச்சத்தில் நிற்பது 100 லிட்டரில். 100 கிலோ கிடைக்கும். இரண்டாமவரின் திறமை 20. அவருக்குக் கட்டுப்படியாகும் அளவு 400 லிட்டர். பாடு 400 கிலோ. இப்போது திறமை என்ற எண் நோட்டில் இல்லை. நமக்குத் தெரிவது 100 லிட்டருக்கு 100 கிலோ, 400 லிட்டருக்கு 400 கிலோ. கோடு போட்டால் டீசலின் கெழு அச்சடித்த மாதிரி 1 என்று வரும். பொருத்தமும் நூற்றுக்கு நூறு.

இதை நம்பி முதல் படகின் முதலாளி 400 லிட்டர் ஊற்றி அனுப்பினால் என்ன ஆகும்? 400 கிலோ வராது, 200 கிலோதான் வரும். ஏலத்தில் 36,000 ரூபாய், டீசல் செலவு 36,000 ரூபாய். முன்னே 9,000 ரூபாய் மிஞ்சிய இடத்தில் இப்போது ஒன்றுமில்லை; ஐஸுக்கும் ஆளுக்கும் கைக்காசு. உங்கள் 0.91 ஒன்றுக்கு இத்தனை பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

கணிதவியலாளர் காப், பொருளாதார அறிஞர் டக்ளஸ் இருவரும் 1928இல் இந்த உற்பத்திச் சார்பை அமெரிக்கத் தொழில்துறைக்குப் பொருத்திக் காட்டியபோது அவர்கள் கையில் இருந்தது 1899 முதல் 1922 வரை ஆண்டுக்கு ஒன்றாக 24 புள்ளிகள். உழைப்புக்கு ஏறக்குறைய முக்கால், மூலதனத்துக்குக் கால் என்று வந்தது. 1944இலேயே பொருளாதார அறிஞர்கள் மார்ஷக்கும் ஆண்ட்ரூஸும் குறுக்கே நின்றார்கள். உள்ளீட்டின் அளவு வானத்திலிருந்து விழுவதில்லை, உற்பத்தி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் அதை முடிவு செய்கிறார், ஆகவே எச்சமும் (சமன்பாடு விளக்காமல் விடும் மிச்சம்) உள்ளீடும் கைகோத்துக்கொண்டுதான் வரும் என்றார்கள். சாதாரண ரிக்ரஷனின் அடிப்படை அனுமானமே அந்த இரண்டும் ஒட்டக்கூடாது என்பதுதான்.

அதனால் மென்பொருளை மூடிவிட்டு, ஒவ்வொரு மாறிக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள். இதை யார், எப்போது, என்ன தெரிந்துகொண்டு முடிவு செய்தார்? எஞ்சின், எப்போதோ கடன் வாங்கிப் போட்டது. ஆள், கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்தது. ஐஸ், அன்றைக்குக் காலையில் கடலையும் காற்றையும் பார்த்து ஏற்றியது. டீசலோ, முதல் மடியை (வலைப் பையை) தூக்கிப் பார்த்த பிறகு எரிப்பது. மடியில் இறால் கிடந்தால் இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பார். வெறும் சங்காயம்தான் (தீவனத்துக்குப் போகும் மலிவுக் கழிவு மீன்) என்றால் படகைத் திருப்புவார். பாடு நன்றாக இருந்ததால் டீசல் கூடியது. உங்கள் சமன்பாடு அதைத் தலைகீழாக, டீசல் கூடியதால் பாடு கூடியது என்று படிக்கிறது.

எஞ்சினுக்கு எதிர்மறைக் குறி வந்த கதையும் இங்கேதான் இருக்கிறது. பெரிய எஞ்சின் படகு அதிக டீசல் எரிக்கும். டிரைவரின் திறமைக்கும் அன்றைய அதிர்ஷ்டத்துக்கும் சேரவேண்டிய பெருமை முழுவதையும் டீசல் வாரிக்கொண்டதும், அதோடு ஒட்டியிருக்கும் எஞ்சின் தன் பங்கையும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. இன்னொன்று: அந்தக் கெழு சொல்வது "டீசல் மாறாமல் எஞ்சின் மட்டும் பெரிதானால்" என்று. பெரிய எஞ்சின் அதே 200 லிட்டரைச் சீக்கிரம் குடித்துவிடும், கடலில் நிற்கும் நேரம் குறையும். சித்தப்பா மனதில் இருப்பது அந்தக் கேள்வி இல்லை. அவரும் சரி, அந்தக் குறியும் ஒரு வகையில் சரி. இரண்டும் வேறு வேறு சங்கதி.

பிழை எப்போதும் மேல்நோக்கித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வருஷம் முன்பு வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கணக்கு ஒன்றை வைத்து இதே வேலையைச் செய்தேன். ஆள்நாளின் கெழு எதிர்மறையாக வந்தது. ஆள் கூடினால் உப்பு குறைகிறதாம்! ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அளத்துக் கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தையில் முடித்தார்: "கோடை மழை சார்." மழை பெய்து பாத்தி கரைந்த மாதம் உப்பு இல்லை, ஆனால் தண்ணீரை இறைக்க, தரையை மறுபடி மிதித்துச் சரிசெய்ய ஆள் இரட்டிப்பு. மழை என்ற பத்தி என் அட்டவணையில் இல்லை. அது இல்லாததால் பழி கூலியாள் தலையில் விழுந்தது.

சரி, இப்போது உங்கள் தரவை வைத்து என்ன செய்யலாம்.

முதலில் சமன்பாட்டின் இடது பக்கம். ஏலத் தொகை உற்பத்தி அல்ல, உற்பத்தியும் விலையும் கலந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாள். தடை முடிந்து எல்லாப் படகும் ஒரே நாளில் இறங்கும்போது பாடு அள்ளும், விலை இறங்கும். தொகையை மட்டும் பார்த்தால் அந்த நாள் சாதாரண நாள் போலத் தெரியும். நோட்டில் இறால், நண்டு, கணவாய், மீன், சங்காயம் என்று கிலோ தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பருவம் முழுக்க ஒரே விலையை வைத்துப் பெருக்கிக் கூட்டுங்கள். சங்காயத்தையும் இறாலையும் வெறும் கிலோவாகச் சேர்த்துவிடாதீர்கள். கோழித்தீவனத்துக்குப் போவதும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போவதும் ஒரே தராசில் நிற்காது. தடைக்கால நாட்களைப் பூஜ்யம் என்று நிரப்பியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது டீசல் பத்தி. பங்க்கில் போட்ட அளவும் கடலில் எரித்த அளவும் ஒன்றல்ல. இன்று போட்ட 400 லிட்டரில் மிச்சம் அடுத்த முறைக்கு டேங்கில் கிடக்கும். நோட்டில் ஒரு நாள் 500, அடுத்த முறை 150 என்று வந்தால் அது டிரைவரின் முடிவு இல்லை, டேங்க்கின் கதை. இந்த இரைச்சல் கெழுவைச் சுன்னத்தை நோக்கி இழுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி எடுத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். அடுத்து நான் சொல்லப்போகும் முறையில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும் என்பதால் இதை முன்னாலேயே சரிசெய்வது நல்லது.

அந்த முறை, நிலைத்த விளைவு. ஒரே படகை நீங்கள் பல நாட்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தரவின் சொத்தே அதுதான். ஒவ்வொரு படகின் எண்களிலிருந்தும் அந்தப் படகின் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிட்டால், மாறாத திறமை தானாகக் கழிந்துவிடும். நிர்வாகத் திறமை என்ற கண்ணுக்குத் தெரியாத உள்ளீட்டைச் சமாளிக்கப் பொருளாதார அறிஞர் முண்ட்லக் 1961இல் காட்டிய வழி இது. படகுக்கு ஒரு மாறிலி (அதற்கே உரிய நிலையான எண்) போட்டதோடு காலத்துக்கும் ஒன்று போடுங்கள்: நாள் கணக்கென்றால் நாளுக்கு, இரண்டு வாரமாகக் கூட்டினால் அந்த இரண்டு வாரத்துக்கு. கச்சான் காற்றோ வாடைக் காற்றோ, தடை முடிந்த புதுக் கடலோ, அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவானது அதில் அடங்கும். வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்காது. தரவில் பாம்பனுக்குத் தெற்கே போகும் படகு இருந்தால் கடல் வாரியாகப் பிரித்துப் போடுங்கள்.

இதில் இரண்டு சிக்கல். எஞ்சின் பருவம் முழுக்க மாறவில்லை என்றால் படகின் மாறிலிக்குள் அதுவும் மறைந்துவிடும். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அப்புறம், திறமை படகுக்குச் சொந்தமில்லை, டிரைவருக்குச் சொந்தம். டிரைவர் பாதியில் வேறு படகுக்குப் போயிருந்தால் படகின் மாறிலி இரண்டு ஆளின் கலவை. ஆனால் இந்தச் சிக்கலே உங்களுக்கு லாபம். ஒரே டிரைவர் சின்ன எஞ்சின் படகிலும் பெரிய எஞ்சின் படகிலும் ஓடியிருந்தால், டிரைவருக்கு மாறிலி போட்டுவிட்டு எஞ்சினின் கெழுவை எடுக்கலாம். நல்ல டிரைவரைத்தான் பெரிய படகு தேடிப்போகிறது என்ற பழைய ஐயம் அப்போது பெருமளவு தீரும்.

நிலைத்த விளைவும் தீர்க்காதது, அன்றன்றைக்கு டிரைவருக்கு மட்டும் தெரிந்த சேதி: "நேற்று அந்தப் பக்கம் இறால் பட்டுச்சாம்." இதற்கு 1996இல் பொருளாதார அறிஞர்கள் ஒல்லி, பேக்ஸ் இருவரும் முதலீட்டை வைத்து ஒரு வழி சொன்னார்கள்: நிறுவனத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது, ஆனால் அது எடுக்கும் முடிவில் அந்தத் தெரிதல் கசியும், அந்தக் கசிவைப் பிடி என்பது சாரம். 2003இல் லெவின்சோன், பெட்ரின் இருவரும் முதலீட்டுக்குப் பதில் மின்சாரம் போன்ற இடைநிலை உள்ளீட்டைப் பிடித்தார்கள். விசைப்படகில் அந்த வேலைக்கு ஐஸ் பொருந்தும்: நல்ல பாடு வரும் என்று நம்பும் நாளில்தான் கூடுதல் ஐஸ் ஏறும். என்ன ஆனாலும் இத்தனை பெட்டிதான் என்று ஏற்றும் வழக்கமுள்ள படகில் இது செல்லாது, ஆகவே ஐஸ் பத்தி உண்மையில் ஏறி இறங்குகிறதா என்று முதலில் வரைந்து பாருங்கள். டீசலும் அதே சேதியைப் பார்த்து ஏறுகிறது என்றால் இந்த முறையின் முதல் படியிலேயே அதன் கெழுவைப் பிரித்தெடுக்க முடியாது. 2015இல் ஆக்கர்பெர்க், கேவ்ஸ், ஃப்ரேசர் மூவரும் கிளப்பிய ஆட்சேபம் இதுதான். என்னைக் கேட்டால் 64 படகுக்கு இந்த முறையைப் பிற்சேர்க்கையில் ஒப்பீட்டுக்கு மட்டும் வையுங்கள், முக்கிய அட்டவணை நிலைத்த விளைவாகவே இருக்கட்டும்.

செலவில்லாத ஒரு சோதனை: ஏலத் தொகையில் டீசல் செலவு எத்தனை பங்கு என்று பாருங்கள். டீசல், ஐஸ் கழித்த பிறகு முதலாளியும் ஆட்களும் பங்கு பிரிக்கும் வழக்கம் என்றால், கடைசி லிட்டர் தன் விலையைச் சம்பாதிக்கும் வரைதான் ஊற்றுவார்கள். அப்போது டீசலின் கெழுவும் அதன் செலவுப் பங்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பொம்மைக் கணக்கில் 18,000க்கு 9,000, 72,000க்கு 36,000. இரண்டிலும் சரியாகப் பாதி, அதுதான் உண்மையான 0.5. உங்கள் நோட்டில் பங்கு பாதிக்குக் கீழே வந்து கெழு 0.91 என்றால், ஒவ்வொரு கூடுதல் லிட்டரும் தன் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பாதிக்கிறது, 64 முதலாளிகளும் அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள் என்று பொருள். அப்படி விடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

ஆளின் 0.08ஐப் பற்றி அதிகம் எழுதாதீர்கள். படகுக்கு நாலைந்து பேர் என்று எல்லோரும் ஒரே மாதிரி போகும்போது அந்தக் கெழு எதையும் சொல்ல முடியாது. திட்டப்பிழையை (கெழு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவை) பார்த்தாலே தெரியும். மூன்றையும் கூட்டி 0.94, ஆகவே குறைந்துசெல் விளைவு (எல்லா உள்ளீட்டையும் இரட்டித்தாலும் உற்பத்தி இரட்டிக்காது) என்று ஒரு பத்தி எழுதத் தோன்றும். கூட்டுத்தொகைக்கும் திட்டப்பிழை உண்டு, அது 1ஐத் தொடுகிறதா என்று சோதித்த பிறகு எழுதுங்கள். திட்டப்பிழையைப் படகு வாரியாகத் தொகுத்துக் கணக்கிடுங்கள். ஒரு படகின் நூறு நாள் என்பது நூறு தனித்தனிச் சாட்சி இல்லை.

கடலுக்குப் போகாத நாளையும் மறக்க வேண்டாம். காற்று பலமான நாளில் அனுமதி இருந்தும் சின்னப் படகு பல கரையிலேயே நிற்கும். துணிந்து போன சின்னப் படகு அன்றைக்கு ஏதோ தெரிந்துதான் போயிருக்கும். போன படகை மட்டும் பார்த்தால் சின்ன எஞ்சின் இருப்பதைவிடக் கெட்டிக்காரனாகத் தெரியும். அனுமதி டோக்கன் வாங்கிய நாள், வாங்காத நாள் கிடைத்தால் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

இந்த வாரம் வேறு எதையும் ஓட்ட வேண்டாம். சித்தப்பாவிடம் உட்கார்ந்து, இந்த 64 படகில் எதெதில் டிரைவர் மாறினார், எந்த மாதம், எங்கிருந்து எங்கே என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் தேறினால்கூடப் போதும், சித்தப்பாவோடு பேச உங்களிடம் ஒரு அட்டவணை இருக்கும்.