கருவிலிருந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகு, கருப்பைத் தழும்பு ஆறிவிட்டதா என்பதை ஸ்கேனில் அறிய முடியுமா?

தடிமனை அறியலாம், வலுவை அறிய முடியாது. தழும்பு எங்கே இருக்கிறது என்பது ஸ்கேன் செய்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தத் தடிமனுக்கும் அர்த்தம் உண்டு. "பிரசவமாகி ஒரு வருடம் ஆகிறது, ஸ்கேனில் நார்மல் என்று வந்துவிட்டது, அடுத்த குழந்தைக்கு முயலலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைப் போலவே, முதுகுத்தண்டு மூடாத குழந்தைக்காகக் கருப்பையைத் திறந்து செய்த சிகிச்சையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரட்டைக் குழந்தைகளுக்குச் செய்யும் லேசர் சிகிச்சை என்றால் கருப்பையில் விழுவது சில மில்லிமீட்டர் துளைதான். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது.

நான் மருத்துவர் அல்லள். மருத்துவ விஷயத்தைப் படிக்காதவர்கள் எழுதலாமா என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என் உடம்பில் நடந்ததையும், அதைப் பற்றி மருத்துவர்களை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

கணவரின் வேலை காரணமாக நாங்கள் அமெரிக்காவில் இருந்தபோது, மூத்தவளுக்கு ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டு மூடாத குறை, இருப்பது 20ஆவது வார ஸ்கேனில் தெரியவந்தது. பிறக்கும் முன்பே முதுகை மூடிவிட்டால் பலன் அதிகம் என்பதை 2011இல் வெளியான மாம்ஸ் என்ற ஆய்வு காட்டியிருந்தது. மூளை நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் தேவைப்பட்ட குழந்தைகள், பிறந்த பின் அறுவை செய்தவர்களில் 82 சதவீதம் என்றால், கருவிலேயே செய்தவர்களில் 40 சதவீதம்தான். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரசவத்தின்போது பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒரு தாய்க்குக் கருப்பைத் தழும்பு மெலிந்தோ, பிரிந்தோ இருந்தது.

எனக்கு நஞ்சுக்கொடி முன்சுவரில் ஒட்டியிருந்தது. அதைத் தொடாமல் இருப்பதற்காகக் கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, உச்சிக்கு அருகே பின்சுவரில் திறந்தார்கள். பிறகு குழந்தையை எடுத்தபோது வழக்கமான சிசேரியனைப் போல முன்பக்கம் கீழே ஒரு கீறல். ஆக, கருப்பையில் இரண்டு தழும்புகள். வயிற்றுத் தோலிலோ ஒன்றுதான், அடிவயிற்றில் குறுக்காக, எந்தச் சிசேரியன் பெண்ணுக்கும் இருப்பது போலவே.

பெங்களூரு திரும்பிய பின், அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனேன். கருவில் செய்த அறுவை என்று வரவேற்பறையில் சொன்னேன். அந்தப் பெண் "முந்தைய சிசேரியன்" என்று எழுதிக்கொண்டார். உள்ளே இருந்த மருத்துவர் தோல் வடுவைப் பார்த்தார், ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்து அழுத்தினார், திரையில் ஒரு கோட்டை அளந்தார், "ஸ்கார் நார்மல், மேடம்" என்றார். அவர் அளந்தது பிரசவத் தழும்பு. அறிக்கையிலும் "முந்தைய சிசேரியன் தழும்பு இயல்பாக உள்ளது" என்ற ஒரே வரி. எந்தச் சுவர், எத்தனை மில்லிமீட்டர் என்று எதுவும் இல்லை.

கருவிலுள்ள குழந்தைக்கான மருத்துவத்தில் அனுபவமுள்ள, சேலத்துக்காரரான இன்னொரு மருத்துவரிடம் அமெரிக்க அறுவைக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவர் குறிப்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஸ்கேன் அறைக்கே வந்தார். பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் செய்தார், பிறகு வயிற்றின் மேலிருந்தும் பார்த்தார், கருப்பைக்குள் கொஞ்சம் உப்புநீர் செலுத்தி மறுபடியும் பார்த்தார். நீர் நிறைந்ததும் உச்சியின் பின்பக்கத்தில் உள்ளிருந்து ஒரு சிறு குழிவு கறுப்பாகத் தெரிந்தது. "இங்க பாரும்மா, சுத்தியிருக்கிற தசையில பாதி கனம்தான் இந்த இடத்துல இருக்கு" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். அப்படியானால் கிழிந்துவிடுமா என்று கேட்டேன். "அதை இந்த மெஷின் சொல்லாது" என்றார்.

ஏன் சொல்லாது என்பதையும் அவரே விளக்கினார். சிசேரியன் தழும்புக்கு அளவுகோல்கள் உண்டு. 1996இல் பிரான்சில் 642 பெண்களிடம் நடந்த ஆய்வு, பிரசவத்தை நெருங்கும் வாரங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதி 3.5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் ஆபத்து குறைவு என்று கண்டது. ஆனால் அந்த எண் கீழ்ப்பகுதிக்கு உரியது. அது வலியின்போது பெரும்பாலும் விரிந்துகொடுக்கும் பகுதி. கருவிலிருக்கும் குழந்தைக்குச் செய்யும் அறுவையோ நடுக் கர்ப்பத்தில், கீழ்ப்பகுதி சரியாக உருவாகும் முன்பே நடக்கிறது. ஆகவே கீறல் மேலே, சுருங்கித் தள்ளும் தசையிலேயே விழுகிறது. அந்த இடத்தை 3.5 மில்லிமீட்டர் கணக்கை வைத்து மதிப்பிட்டு உங்களுக்கு யாராவது தைரியம் சொன்னால், மறுபடி கேளுங்கள். கருப்பையைத் திறந்து செய்யும் அந்த அறுவைக்குப் பின்வரும் கர்ப்பங்களில் தழும்பு கிழியும் வாய்ப்பு, பழைய முறையில் நெடுக்காகக் கீறிய சிசேரியனுக்கு ஒப்பானது. பத்தில் ஒன்று என்ற அளவை நெருங்குவது. அதனால்தான், ஸ்கேன் எப்படி இருந்தாலும், வலி வரும் முன்பே சிசேரியன் என்பது மாறுவதில்லை.

பிரசவமான சில வாரங்களிலேயே பார்த்துவிடலாம் என்று அவசரப்படுவதிலும் பயனில்லை. கருப்பை சுருங்கிக்கொண்டிருக்கும், தையலும் வீக்கமும் சேர்ந்து தசையைத் தடித்ததாகக் காட்டக்கூடும். ஆறு மாதமாவது போகட்டும் என்பதே எனக்குச் சொல்லப்பட்டது. அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருட இடைவெளி கேட்டார்கள், கொடுத்தோம்.

இரண்டாவது கர்ப்பத்தில் முதல் ஸ்கேனிலேயே கரு எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்தார்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிவிட்டால் அது தசைக்குள் ஊடுருவிப் பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கை ஏற்படுத்தலாம் என்பதால், எனக்கு இந்த ஸ்கேன்தான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் பட்டது. கடைசி மாதத்தில் மருத்துவமனைக்கு அருகே வாடகைக்கு வந்துவிட்டோம். திடீரென்று வயிறு வலித்தால் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருக்க முடியாது. 36 வாரம் முடிந்ததும் சிசேரியன். தழும்பில் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே இருப்பது தெரியும்படி மெலிந்திருந்தது, ஆனால் பிரியவில்லை என்றார்கள். மெலிந்திருப்பதை ஸ்கேன் சரியாகவே காட்டியிருந்தது. தாங்குமா என்பது வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. முதல் குழந்தைக்கே இவ்வளவு பட்ட பின் இரண்டாவது எதற்கு என்று என் சொந்தக்காரர்கள் கேட்டாயிற்று, நீங்களும் கேட்க வேண்டாம்.

என் ஆதங்கம் ஒன்றுண்டு. நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டுதான் கிடைக்கிறது, அறுவைக் குறிப்பு கிடைப்பதில்லை. கருப்பையை எங்கே, எந்தத் திசையில் கீறினார்கள் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும். உங்களிடம் அது இல்லையென்றால் அறுவை செய்த மருத்துவமனைக்கு எழுதிக் கேளுங்கள். அதைக் காட்டி, அந்த இடத்தையே பார்த்து, சுவரையும் தடிமனையும் குறிப்பிட்டு அறிக்கை தரச் சொல்லுங்கள். அதுவரை கையிலிருக்கும் "நார்மல்" அறிக்கையை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.