பதில்: மதுரையிலிருந்து வடக்கே ஒரு சுற்று, டிக்கெட் எப்படி?

வணக்கம் தம்பி. நாக்பூர், டெல்லி, ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை பார்த்துவிட்டு மதுரை திரும்பத் தனித்தனி டிக்கெட் போட்டால் செலவு கூடுகிறது என்கிறீர்கள். முழுச் சுற்றுக்கும் ஒரே டிக்கெட்டாகத் தரும் ரயில்வேயின் சுற்றுப்பயணச் சீட்டைக் கேளுங்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும், மிச்சம் அதில்தான். புறப்பட்ட ஊரிலேயே முடியணும். இடையில் அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கலாம்.

ஊர் வரிசையை எழுதி மதுரை ரயில்வே கோட்டத்தின் வணிகப் பிரிவில் கொடுங்கள். போன தடத்திலேயே திரும்பும் திட்டம் எடுபடாது. அகமதாபாத், மும்பை வழியே திரும்புவது நல்ல யோசனை.

பலர் ஏமாறுவது இங்கேதான்: அந்தச் சீட்டு பெர்த் தராது. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக முன்பதிவு செய்யணும், அதற்குக் கட்டணமும் தனி. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கும். மும்பையிலிருந்து திரும்பும் நாளைக் குறித்து வையுங்கள்.