ஊரைக் கேட்கும் இன்டர்வியூவும் உட்கார விடாத கடையும்

எங்கள் கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார் கமிட்டி கட்டாயமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதவில்லையே! நான் ஜோசியமா பார்ப்பது? பத்துப் பேர் இருந்தாலே 2013 சட்டப்படி கட்டாயம். தலைவராக மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் கீழே என்றால் புகார் மாவட்ட அளவிலான கமிட்டிக்குப் போகும். வெளி ஆள் என்று எம்.டி.யின் மைத்துனியைப் போடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

சம்பவம் நடந்து நாலு மாதம் ஆகிவிட்டது. ஹெச்.ஆரிடம் அப்போதே வாய்வார்த்தையாகச் சொன்னேன். இனி புகார் கொடுக்க முடியுமா?
- வாசகி, சென்னை

கெடு மூன்று மாதம். காரணம் நியாயமாக இருந்தால் கமிட்டி இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தாமதம் ஏன் என்பதையும் சேர்த்து இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஹெச்.ஆர். தலையாட்டியது கணக்கில் வராது. எழுத்து, தேதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து மூன்றும் வேண்டும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறோம். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார்.
- திருச்சி

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-லேயே திருத்தம் வந்துவிட்டது. எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். போன தீபாவளிக்கு ஒரு கடையில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் கொடுங்கள். எழுத்தில்தான்.

நாங்கள் ஜாதியெல்லாம் பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான். ரெஃபரலில், அதாவது எங்கள் ஊழியர்கள் சிபாரிசு செய்பவர்களை எடுப்பதால் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதாக அமெரிக்க கிளையன்ட் குறை சொல்கிறார். இதில் என்ன தப்பு?
- மேனேஜர், ஐ.டி. நிறுவனம்

'நாங்கள் பார்ப்பதில்லை' என்பவர்களிடமிருந்துதான் எனக்கு அதிகம் கடிதம் வருகிறது. உங்கள் இன்டர்வியூவில் முதல் கேள்வி என்ன? 'சொந்த ஊர் எது?' அப்புறம், 'ஊர்ல எந்தத் தெரு?' அடுத்து, 'அப்பா என்ன பண்றார்?' சாப்பாட்டு நேரம் வந்தால், 'நீங்க வெஜ்ஜா?' நாலு கேள்வியில் ஜாதிச் சான்றிதழே கைக்கு வந்துவிடும்.

கோவைப் பக்கம் ஒரு கம்பெனி இன்டர்வியூ பேனலில் நானே உட்கார்ந்திருக்கிறேன். பையன் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். கிளம்பும்போது மேனேஜர் 'குட்' என்று முதுகில் தட்டினார். தட்டிய கை தோள்பட்டையில் லேசாகத் தடவி நின்றது. பூணூல் தேடும் கை. பையனுக்கும் புரிந்தது, முகம் மாறிவிட்டது. மார்க் தாளில் 'டீமுக்கு செட் ஆகமாட்டார்' என்று எழுதினார். அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை.

ரெஃபரலும் இதன் தம்பிதான். ஊழியர் யாரைச் சொல்வார்? சித்தப்பா பையனை, தன் காலேஜ் ஜூனியரை. அவர் வந்து இன்னொரு சித்தப்பா பையனைச் சொல்வார். உங்கள் கிளையன்ட் சும்மா கேட்கவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023-ல் ஜாதிப் பாகுபாட்டுக்கே தடை போட்டது. ரெஃபரலை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, அதே வரிசை. பேனலில் அவரவர் மார்க் போட்ட பிறகே ஒருவரோடொருவர் பேசட்டும். 'செட் ஆகமாட்டார்' என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்கு, ஏன் என்று எழுதி வாங்குங்கள். தேதியோடு.

ஊழியர் 60 பேர், பெண்கள் ஐந்தே பேர். குழந்தைகள் காப்பகம் வேண்டுமா?
- ஓசூர்

வேண்டும். 50 பேர் இருந்தாலே கட்டாயம். அந்த 50 மொத்தத் தலைக்கணக்கு, பெண்கள் மட்டுமல்ல.

சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை எடுத்திருக்கிறோம். ராம்ப் போட்டாயிற்று. வேறென்ன?
- மதுரை

சரிவைச் சொல்லவில்லையே! ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். பாத்ரூம் கதவு மூன்றடி அகலம் இருக்கிறதா, நாற்காலி உள்ளே திரும்புமா? முதல் நாள் காலையில் அவரோடு கேட்டிலிருந்து அவர் சீட் வரை போய்ப் பாருங்கள். இடிக்கும் இடத்தையெல்லாம் அவரே காட்டுவார்.