தாத்தா போட்டோவில் தொங்கும் கறுப்பு உருண்டை

கேள்வி: எங்கள் தாத்தா யுத்தத்துக்கு முன்பு சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் குன்றில் கொடி ஏற்றும் வேலை பார்த்தார். அவருடைய போட்டோவில், கலங்கரை விளக்கின் பக்கத்துக் கம்பத்தில் பெரிய கறுப்பு உருண்டை தொங்குகிறது. புயல் கூண்டு என்கிறார் அம்மா. பழைய சாமான் விற்பவர் ஒருவர், தாத்தா புயல் எச்சரிக்கை நிலைய ஊழியர் என்று சான்றிதழ் வாங்கித் தர 380 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள்.

நாகப்பட்டினம், கடலூர் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கம்பத்தில் எது தொங்கினாலும் புயல் கூண்டுதான். அந்தக் குன்றில் இருந்தது நேர உருண்டை. மதியம் சரியாக 1 மணிக்குக் கீழே விழும். நங்கூரம் போட்ட கப்பல்களில் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஒரு நிமிஷம் பிசகினால், இந்தப் பக்கத்துக் கடலில் கப்பல் இருக்கும் இடத்தின் கணக்கு சுமார் 28 கிலோமீட்டர் தப்பும்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழல வைக்கும் விசை மிகக் குறைவு. அதனால் இங்கே புயல் உருவாகாது. நம்மை அடிப்பது விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். விதிவிலக்கு வாமெய் என்ற புயல். 2001 டிசம்பர் 27 அன்று பக்கத்து ஜோகூரில் கரை ஏறியது. தென்சீனக் கடலின் குளிர்காற்று நெருக்கி, போர்னியோ பக்கத்துச் சுழற்சியும் சேர்ந்து பிறந்த அபூர்வம் அது. அதைக் காட்டி எவராவது தாத்தா போட்டோவில் புயலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

சரி, அந்த வியாபாரி. அந்த விளக்கு 1903 முதல் 1958 வரை எரிந்தது. அப்புறம் ஃபுல்லர்டன் கட்டடத்து உச்சிக்கு வேலை மாறியது. இன்று குன்றில் நிற்பவை மாதிரிகள். ஆகவே 'அசல் கம்பத்துத் துண்டு' என்று எதையாவது நீட்டினாலும் வாங்காதீர்கள். தேசிய ஆவணக் காப்பகம் அதே குன்றின் அடிவாரத்தில், கேனிங் ரைஸில் இருக்கிறது. அதன் இணையதளத்திலும் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளத்திலும் காசில்லாமல் தேடலாம்.

தேடும்போது கோபம் வரும், எனக்கே வரும். நம் ஆட்களின் பெயரை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். இன்றைய தேடல் பெட்டியோ ஓர் எழுத்து மாறினாலும் கையை விரிக்கிறது. ஒரே முத்துசாமியை ஐந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கிறது. இத்தனை காலமாகியும் இதைச் சரிசெய்ய ஆளில்லை!

முதலில் போட்டோவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.