வாசகர் கேள்வி, ஆயர் பதில்: மனசுல இருக்கறத கேக்க ஏன் இவ்வளவு பயம்?

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சி, வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ் ஓடுது. எங்க தெருவுல நடக்கற வீட்டு ஜெபக்கூட்டத்துல ஒரு அக்கா சொல்றாங்க, "உமக்குச் சித்தமானா சுகம் குடும்"னு நீ ஜெபிக்கறதே அவிசுவாசம், சுகமாயிட்டாருன்னு தைரியமா அறிக்கை பண்ணு, டயாலிசிஸ நிறுத்து, அப்பதான் அற்புதம் நடக்கும்னு. எனக்கு கை கால் நடுங்குது. என் விசுவாசம் பத்தலயா? தைரியமா ஜெபிக்கறதுன்னா என்னதான் ஐயா?
(பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

பதில்: அம்மா, மொதல்ல ஒண்ணு. டயாலிசிஸ நிறுத்தவே நிறுத்தாதீங்க. யார் சொன்னாலும் சரி, எவ்வளவு பெரிய ஊழியக்காரர் சொன்னாலும் சரி. நிறுத்தினா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தாறுமாறா போகும், நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. எசேக்கியா ராஜா சாகக் கெடந்தப்ப அழுது ஜெபிச்சாரு, ஆண்டவரும் இன்னும் 15 வருஷம் தரேன்னு வாக்கு குடுத்துட்டாரு, அதுக்கப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடைய கொண்டாந்து ராஜாவுக்கு இருந்த புண்ணு மேல போடச் சொன்னாரு (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் கெடைச்ச மனுஷனுக்கே மருந்து வேண்டியிருந்துச்சே. பவுலோட கூட இருந்த லூக்காவும் வைத்தியர்தான்.

இப்ப அந்த "சித்தமானா" விஷயத்துக்கு வரேன். அத சொல்றது அவிசுவாசம்னா, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு என்ன சொன்னாரு? ஆனா அந்த ஜெபத்த மாற்கு 14:36-ல நிதானமா படிச்சி பாருங்க. மொதல்ல அப்பா பிதாவேன்னு கூப்பிடறாரு, உம்மால எல்லாம் கூடும்ங்கறாரு, இந்தப் பாத்திரத்த, அதாவது வரப்போற பாடுகள, எடுத்துப்போடும்னு பச்சையா கேட்டுடறாரு, அதுக்கப்புறம்தான் உம்முடைய சித்தம் ஆகட்டும்னு ஒப்புக்குடுக்கறாரு. நம்மள்ல நெறைய பேரு அந்த நடுவுல இருக்கறத விட்டுடறோம். கேக்கறதே இல்ல. கேட்டு கெடைக்காம போயிட்டா தாங்க முடியாதேன்னு பயந்து, நேரா "உம் சித்தம் ஆண்டவரே ஆமென்"னு முடிச்சிட்டு எழுந்திருச்சிடறோம், பாக்க பக்தி மாதிரி இருக்கும் ஆனா உள்ள பயம்தான். அதனால நான் உங்கள கேட்டுக்கறது, சித்தம்ங்கறத விடாதீங்க, ஆனா அதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. என் புருஷன் பொழைக்கணும் ஆண்டவரே, எனக்கு அவரு வேணும்னு கேளுங்க. ராத்திரி பாதி ஜாமத்துல சிநேகிதன் வீட்டுக் கதவ தட்டினவன் "ஏதாவது குடு"ன்னு கேக்கல, மூணு அப்பம் வேணும்னு எண்ணி கேட்டான் (லூக்கா 11). நீங்களும் அப்படி கேளுங்க, டயாலிசிஸுக்காக கையில ரத்தக்குழாய இணைச்சி போட்ட ஃபிஸ்டுலா அடைக்காம இருக்கணும், இன்னிக்கி பிபி எறங்காம இருக்கணும், காப்பீட்டு அட்டையில தடங்கல் வரக்கூடாது, மாற்று கிட்னி கெடைக்கணும்னு ஒவ்வொண்ணா.

விசுவாசம் பத்தலயான்னு கேட்டீங்க. அசுத்த ஆவி பிடிச்ச பையன இயேசுகிட்ட கொண்டாந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு அழுதுகிட்டேதான் கேட்டான், பையன் சுகமாயிட்டான் (மாற்கு 9). அத விட எனக்கு ரொம்ப பிடிச்சது அப்போஸ்தலர் 12. பேதுரு ஜெயில்ல இருக்காரு, மாற்குவோட அம்மா வீட்டுல ஜனங்க கூடி ஜெபிக்கறாங்க, பேதுரு நெசமாவே வெளிய வந்து வாசக்கதவ தட்றாரு, ரோதைன்னு ஒரு பொண்ணு ஓடிவந்து சொன்னா, ஜெபம் பண்ணவங்களே "நீ பிதற்றுகிறாய்"ங்கறாங்க! அவங்க விசுவாசத்த அளந்து பாத்தா ஆண்டவர் கதவ தொறந்தாரு? எபிரெயர் 4:16 கிருபாசனத்துக்கு, அதாவது ஆண்டவரோட கிருபையின் சிங்காசனத்துக்கு, தைரியமா வாங்கன்னு கூப்பிடுதே, அதுக்கு காரணம் முந்தின வசனத்துலயே இருக்கு, நம்ம பலவீனத்த பாத்து பரிதபிக்கற பிரதான ஆசாரியர் நமக்கு இருக்காரு. தைரியம் அவரால வர்றது. உங்க கை நடுங்கினாலும் போகலாம்.

கேட்டும் சுகம் வரலன்னா? இத நான் மழுப்ப மாட்டேன். நம்ம கடலூர் ஜனத்துக்கு தெரியாததா, 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தேவனாம்பட்டினம் சோனாங்குப்பம் பக்கமெல்லாம் கடல் வந்து புள்ளைங்கள வாரிக்கிட்டு போச்சே. அவங்கள்லாம் விசுவாசம் இல்லாதவங்கன்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? பவுல் தன் சரீரத்துல இருந்த முள்ளுன்னு சொன்ன வேதனைய எடுக்கச் சொல்லி மூணு தடவ கேட்டும் அது போகல, கிருபைதான் கெடைச்சிது. சிலைய வணங்கலன்னா நெருப்புச் சூளையில போடுவேன்னு ராஜா மிரட்டினப்ப சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூணு பேரும், எங்க தேவன் விடுவிப்பாரு, விடுவிக்காம போனாலும் சிலைய வணங்க மாட்டோம்னாங்க. அந்த "போனாலும்" அவிசுவாசமா? சங்கீதம் 13-ல தாவீது எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு ஆண்டவர்கிட்டயே சண்டைக்கு நிக்கறாரு. கோவமா இருந்தா அதையும் அவர்கிட்டயே கொட்டுங்கம்மா, அப்பாகிட்ட புள்ள முறையிடற மாதிரி.

அந்த அக்காவ பகைக்க வேணாம். ஆனா அடுத்த தடவ வந்தா, சிகிச்சைய பத்தி பேசாம என்கூட முழங்கால் போடுங்கக்கான்னு சொல்லிடுங்க.

கேள்வி: எங்க வாலிபர் கூட்டத்துல எல்லாரும் சத்தமா சரளமா ஜெபிக்கறாங்க. என் முறை வந்தா வாயே வரல. நான் தைரியமில்லாதவனா?
(கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தம்பி, புள்ள இல்லாம அழுது ஜெபிச்ச அன்னாளுக்கு உதடு மட்டும்தான் அசைஞ்சிது, சத்தம் கேக்கல, ஆசாரியர் ஏலி அவ குடிச்சிருக்கான்னே நெனச்சிட்டாரு. சாமுவேல் பொறந்தது அந்த ஜெபத்துக்குதான். கண்ணு தெரியாத பர்திமேயு ஊரே அதட்டியும் கத்தினான், அவனுக்கும் கண்ணு கெடைச்சிது. நெகேமியா, தான் வேலை பாத்த பாரசீக ராஜா முன்னாடி நின்னுகிட்டு மனசுக்குள்ளயே ஜெபிச்சிட்டு உடனே கேக்க வேண்டியத கேட்டாரு. உங்க முறை வரும்போது பக்கத்துல இருக்கவங்க மாதிரி பேச முயற்சி பண்ணாதீங்க, சங்கீதம் 121-ஐ தொறந்து வாசிங்க, 8 வசனம்தான், கடைசியில உங்க தேவை ஒண்ண ஒரே வரியில சொல்லிட்டு ஆமென் சொல்லிடுங்க.